பயிற்சியாளர் போன பின் மேலாளரின் கணக்கு

என்.எஃப்.எல். எனச் சுருக்கமாக வழங்கப்படும் அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீக்கில், ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி மாதம் லீக் ஆட்டங்கள் முடிந்த மறுநாளே தோற்ற அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்கள் சிலர் வேலையிழப்பது ஏறத்தாழ ஒரு சடங்காகிவிட்டது. உலகெங்கும் உதைத்து ஆடப்படும் உருண்டைப் பந்தின் ஆட்டமன்று இது. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்க்கும் அமெரிக்க ஆட்டம். பயிற்சியாளரை நீக்குவது உரிமையாளருக்கு அத்தனை கடினமான முடிவன்று. தோல்விகளின் எண்ணிக்கை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, ரசிகர்களின் கோபமும் பயிற்சியாளர் மீதே குவிந்திருக்கிறது. அதையடுத்து எழும் வினாதான் கடினமானது: அந்தப் பயிற்சியாளருக்கு ஆட்டக்காரர்களைத் திரட்டிக் கொடுத்த பொது மேலாளர் தோல்விக்குப் பங்காளியா, அல்லது நல்ல அணியைக் கொடுத்தும் பலன் காணாதவரா? இதற்கு விடை சொல்லப் பலரும் எடுக்கும் அளவுகோல்கள் பழுதானவை என்பதையும், அவற்றுக்குப் பதிலாக எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியில் 2021 ஜனவரியில் நடந்தவை தெளிவாகக் காட்டுகின்றன.

பொது மேலாளருக்கு ஆட்டக்களத்தில் எந்த வேலையும் இல்லை. 53 பேர் கொண்ட அணியில் யார் இருக்க வேண்டும், அவருக்கு எவ்வளவு ஊதியம், எத்தனை ஆண்டு ஒப்பந்தம், எப்போது விடுவிப்பது என்பனவே அவருடைய துறை. ஆட்டக்காரர்களை அவர் மூன்று வழிகளில் பெறுகிறார். முதலாவது, ஏப்ரல் மாதத்தில் நடக்கும் டிராஃப்ட். பல்கலைக்கழக ஆட்டத்தை முடித்து வரும் இளைஞர்களை 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் முறை இது, இதில் முந்தைய ஆண்டு மிக மோசமாக ஆடிய அணிக்கே முதல் வாய்ப்பு. ஐ.பி.எல். ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்கள் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும்: அங்கே பணம் முடிவு செய்கிறது, இங்கே வரிசை எண் முடிவு செய்கிறது, அந்த வரிசை எண்ணையே, இனி வரும் ஆண்டுகளின் எண்களையும் சேர்த்து, பிற அணிகளுக்குக் கொடுத்துப் பண்டமாற்றுச் செய்யவும் முடியும். மற்ற இரண்டு வழிகள், ஒப்பந்தம் முடிந்து சுதந்திரமாக நிற்கும் ஆட்டக்காரர்களை விலை பேசி அமர்த்துவதும், பிற அணிகளோடு ஆள் மாற்றிக்கொள்வதும் ஆகும்.

இவை அனைத்துக்கும் மேலே சம்பள உச்சவரம்பு என்னும் கூரை இருக்கிறது. 1994 முதல் நடப்பிலுள்ள இவ்விதிப்படி ஓர் அணி ஓராண்டில் ஆட்டக்காரர்களுக்குச் செலவிடக்கூடிய தொகைக்கு வரம்பு உண்டு. 2020இல் அது 19.82 கோடி டாலர். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது மொத்தமாகத் தரப்படும் ஊக்கத்தொகையை ஐந்து ஆண்டுகள் வரை பிரித்துக் கணக்கெழுதலாம் என்பதால், ஆட்டக்காரரை இடையில் விடுவித்தாலோ வேறு அணிக்கு அனுப்பினாலோ, இன்னும் கணக்கில் ஏறாத பகுதி முழுவதும் பொதுவாக ஒரே பற்றாக வந்து விழும். அணியில் இல்லாத ஆளுக்காகக் கணக்கில் கிடக்கும் இத்தொகையை அத்துறையினர் டெட் மணி என்கின்றனர். ஒரு மேலாளரின் பழைய பிழைகளை வெளியாள் ஒருவர் பார்க்க விரும்பினால், முதலில் புரட்ட வேண்டிய பக்கம் இதுதான்.

பயிற்சியாளர் நீக்கப்பட்டதும் எல்லோரும் எடுத்து நீட்டுவது வெற்றி தோல்விக் கணக்கை. அக்கணக்கு இருவருக்கும் பொதுவானது. அதில் எவ்வளவு யாருடையது என்று அதைக் கொண்டே பிரிக்க இயலாது. இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியின் பொது மேலாளர் கிறிஸ் பாலர்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2018 டிராஃப்ட்டில் அவர் தேர்ந்தெடுத்த குவென்டன் நெல்சன், டேரியஸ் லெனார்ட் இருவரும் அறிமுக ஆண்டிலேயே லீக்கின் தலைசிறந்த அணிப் பட்டியலில் இடம் பெற்றனர். ஒரே அணியின் புதுமுகங்கள் இருவர் இப்படி இடம் பெற்றது 1965க்குப் பிறகு அதுவே முதல் முறை. ஆனால் 2019 ஆகஸ்ட் 24 அன்று, அணியின் குவாட்டர்பேக் ஆண்ட்ரூ லக் 29 வயதில் ஓய்வை அறிவித்தார். குவாட்டர்பேக் என்பவர் ஒவ்வொரு தாக்குதலையும் தொடங்கிப் பந்தை எறிபவர். அவர் இடம் வெறுமையானால் மற்ற 52 பேரின் திறமையும் பாதியாகக் குறையும் என்று சொல்வதில் மிகையில்லை. அதன் பின் அடுத்தடுத்த ஆண்டுகளில் பிரிசெட், ரிவர்ஸ், வென்ட்ஸ், மாட் ரயன் என்று ஆண்டுக்கொருவர் மாறினர்; 2022 நவம்பர் 7 அன்று பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக் நீக்கப்பட்டார், பாலர்ட் நீடித்தார். அவர் பொறுப்பேற்ற 2017 முதல் 2024 வரை அந்த அணி தன் பிரிவுப் பட்டத்தை ஒருமுறைகூட வெல்லவில்லை என்பது உண்மை. அதில் லக்கின் எதிர்பாராத ஓய்வுக்கு எவ்வளவு பங்கு, ஆறாண்டு ஆகியும் அந்த வெற்றிடத்தை நிரப்பாத மேலாளருக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டால், முதல் ஈராண்டை விதியின் கணக்கிலும் பிற்பட்ட ஆண்டுகளை மேலாளரின் கணக்கிலும் எழுதுவதே நியாயமாகத் தோன்றுகிறது. விபத்துக்கு ஒருவர் பொறுப்பல்லர். விபத்துக்குப் பின் செய்தவற்றுக்கும் செய்யாதவற்றுக்கும் அவரே பொறுப்பு.

இரண்டாவது அளவுகோல் டிராஃப்ட் தேர்வுகள். இதிலும் வழக்கமான வாதம் ஒன்றே: ‘இவரை எடுத்தார், அடுத்த எண்ணில் போன அவர் நட்சத்திரமானார்.’ கேட் மாஸி என்பவரும் பிற்பாடு பொருளியலில் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலரும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு இந்த வாதத்தின் அடித்தளத்தையே அசைத்துவிட்டது. ஓர் இடத்துக்கு எடுக்கப்பட்ட ஆட்டக்காரர், அதே இடத்துக்கு அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறந்து விளங்கும் வாய்ப்பு நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். வரிசையில் மேலே ஏறுவதற்காக அணிகள் தரும் விலை அளவுக்கு மீறியது என்றும் அவர்கள் காட்டினர். மேலாளர்கள் தங்கள் கணிப்புத் திறனை மிகைப்படுத்திக்கொள்கின்றனர் என்பது இதன் பொருள். தேர்வில் பெரும்பகுதி அதிர்ஷ்டம் என்றால், அதிர்ஷ்டத்தைக் குறைவாக நம்பி, கூடுதல் வாய்ப்புகளைத் திரட்டி வைத்துக்கொள்பவரே அறிவுள்ள மேலாளர் ஆவார். ஒரே ஒரு பிழையான பெயரை வைத்து அவரைத் தூக்கிலிடுவது புள்ளியியலுக்கு ஒவ்வாத தண்டனை.

மூன்றாவதாக, அதிகாரம் யார் கையில் இருந்தது என்ற கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை. பொது மேலாளர் என்ற பதவிப் பெயர் எல்லா அணிகளிலும் ஒன்றாக இருந்தாலும், இறுதிச் சொல் சில அணிகளில் பயிற்சியாளருடையது, சிலவற்றில் உரிமையாளருடையது. ஈகிள்ஸ் அணியின் ஹோவி ரோஸ்மன் 2010 ஜனவரியில் பொது மேலாளரானபோது இறுதி அதிகாரம் பயிற்சியாளர் ஆண்டி ரீடிடம் இருந்தது. 2012இல் 4 வெற்றி, 12 தோல்வி என்று முடிந்த பின் ரீட் நீக்கப்பட்டார். அடுத்து வந்த சிப் கெல்லி இரண்டு ஆண்டுகள் 10 வெற்றிகள் வீதம் பெற்றதும், 2015 ஜனவரியில் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் முழுவதும் கெல்லிக்கே வழங்கப்பட்டு, ரோஸ்மன் வேறொரு பெரிய பதவிப் பெயருடன் ஓரங்கட்டப்பட்டார். அந்த ஓராண்டில் கெல்லி முன்னணி ஓட்டக்காரர் லெஷான் மெக்காயைப் பஃபலோவுக்குக் கொடுத்து கிக்கோ அலான்சோவைப் பெற்றார். பைரன் மேக்ஸ்வெல்லுக்கும் டிமார்கோ மரேவுக்கும் பெருந்தொகை ஒப்பந்தம் தந்தார். அணி சரிந்தது, 2015 டிசம்பர் 29 அன்று, ஓர் ஆட்டம் மீதமிருக்கும்போதே, கெல்லியும் வெளியேற்றப்பட்டார். இந்த ஆண்டை ரோஸ்மனின் ஏட்டில் எழுதுபவர் அவர் செய்யாத பிழைக்கு அவரைக் குற்றம் சாட்டுகிறார்.

ஆனால் அதையடுத்து ரோஸ்மன் செய்தது அவருடைய ஏட்டில் நிச்சயமாக இடம் பெற வேண்டும். அதிகாரம் திரும்பக் கிடைத்த 2016 மார்ச்சில், மேக்ஸ்வெல்லையும் அலான்சோவையும் மயாமிக்கு அனுப்பி, டிராஃப்ட்டில் 13ஆம் எண்ணிலிருந்து 8ஆம் எண்ணுக்கு ஏறினார். மரேயை டென்னசிக்கு அனுப்பினார். ஏப்ரலில் அந்த 8ஆம் எண்ணோடு வேறு பல தேர்வுகளையும் கிளீவ்லாந்துக்குக் கொடுத்து 2ஆம் எண்ணைப் பெற்று, கார்சன் வென்ட்ஸ் என்னும் குவாட்டர்பேக்கை எடுத்தார். கையில் ஏற்கெனவே இருந்த சாம் பிராட்ஃபோர்டை, மின்னசோட்டா அணியின் குவாட்டர்பேக் காயமடைந்த வேளை பார்த்து, செப்டம்பரில் அந்த அணிக்கே ஒரு முதல் சுற்றுத் தேர்வுக்கு விற்றார். புதிய பயிற்சியாளர் டக் பெடர்சனின் கீழ் 2017இல் அணி 13 ஆட்டங்களில் வென்றது. டிசம்பரில் வென்ட்ஸ் முழங்காலில் காயமுற்றும், மாற்று ஆளான நிக் ஃபோல்ஸைக் கொண்டே 2018 பிப்ரவரி 4 அன்று நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை 41-33 என வீழ்த்தி, ஈகிள்ஸ் தன் வரலாற்றில் முதன்முறையாக சூப்பர் பவுலை வென்றது. சூப்பர் பவுல் என்பது லீக்கின் இறுதி ஆட்டம். அதற்கு மேல் பட்டம் ஏதும் இல்லை.

வெற்றி பல மேலாளர்களைக் கெடுத்திருக்கிறது, ரோஸ்மனும் விலக்கல்ல. பட்டம் வென்ற கூட்டத்தின் மீது அவருக்கு ஏற்பட்ட பற்று, முதுமை எய்திய ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களாக மாறியது. ஆல்ஷன் ஜெஃப்ரியின் 2020ஆம் ஆண்டு ஊதியத்துக்கு ஓராண்டு முன்னரே உத்தரவாதம் தரப்பட்டது. 32 வயதான டிஷான் ஜாக்சன் மீண்டும் அழைக்கப்பட்டு, இரண்டு ஆண்டுகளில் எட்டே ஆட்டங்கள் ஆடினார். 2019 ஜூனில் வென்ட்ஸுக்கு நான்கு ஆண்டுகளுக்கு 12.8 கோடி டாலர் நீட்டிப்பு வழங்கப்பட்டது. 2019 டிராஃப்ட்டின் 57ஆம் எண்ணில் அர்சேகா-வைட்சைடை எடுக்க, ஏழு எண் தள்ளி டி.கே. மெட்காஃப் சியாட்டிலுக்குப் போனார். 2020இல் 21ஆம் எண்ணில் ஜேலன் ரேகரை எடுக்க, அடுத்த எண்ணிலேயே ஜஸ்டின் ஜெஃபர்சன் மின்னசோட்டாவுக்குப் போய், முதல் ஆண்டிலேயே 1,400 யார்டுகள் சேர்த்தார். ரேகர் ஈகிள்ஸில் இரண்டு ஆண்டும் சேர்த்துப் பெற்றது 695. இருவரையும் ஈகிள்ஸ் பிற்பாடு கைவிட்டபோது, அர்சேகா-வைட்சைட் சியாட்டிலுக்கும் ரேகர் மின்னசோட்டாவுக்கும் அனுப்பப்பட்டது, ரசிகர்களின் புண்ணில் உப்பைத் தூவியதுபோல் ஆயிற்று. முன்னர்ச் சொன்ன நாணயச் சுண்டல் விதியை நினைவில் கொண்டாலும், இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து, எறிந்த பந்தைப் பிடித்தோடும் ஒரே வகை ஆட்டக்காரரில் தவறுவதை வெறும் அதிர்ஷ்டக் குறைவு என்று தள்ளிவிட முடியாது.

2020 தொடர் 4 வெற்றி, 11 தோல்வி, ஒரு சமநிலை என முடிந்தது. வென்ட்ஸ் 15 முறை பந்தை எதிரணியிடம் எறிந்தார், 50 முறை பிடிபட்டு வீழ்த்தப்பட்டார். அவரைக் காக்க வேண்டிய முன்வரிசையில் பிராண்டன் புரூக்ஸும் ஆண்ட்ரே டில்லர்டும் தொடர் தொடங்கும் முன்னரே காயமுற்று ஆண்டு முழுவதும் ஆடவில்லை. டிசம்பரில் வென்ட்ஸ் களத்துக்கு வெளியே அமர்த்தப்பட்டு, ஏப்ரலில் 53ஆம் எண்ணில் எடுக்கப்பட்ட ஜேலன் ஹர்ட்ஸ் களமிறக்கப்பட்டார். 2021 ஜனவரி 11 அன்று, சூப்பர் பவுல் வென்ற மூன்றாம் ஆண்டில், பெடர்சன் நீக்கப்பட்டார். உரிமையாளர் ஜெஃப்ரி லூரி ரோஸ்மனை வைத்துக்கொண்டார்; ரீட், கெல்லி, பெடர்சன் என்று மூன்று பயிற்சியாளர்கள் போன பிறகும் மேலாளர் மட்டும், இடையில் ஓராண்டு ஓரங்கட்டப்பட்டது தவிர, அதே நாற்காலியில் இருந்தார். ஊரே கொதித்ததில் வியப்பில்லை.

அன்றைய நிலையில் ரோஸ்மனின் கணக்கை எப்படிப் படித்திருக்க வேண்டும் என்பதே இங்கு ஆராயத்தக்கது. ஹர்ட்ஸை எடுத்ததை அன்று பலர் பெரும்பிழை என்றனர்: ஓராண்டுகூட ஆகாத 12.8 கோடி டாலர் ஒப்பந்தக்காரரின் மனத்தைக் கெடுத்து, உடனடியாகப் பயன்படும் வேறோர் ஆட்டக்காரரை எடுக்கக்கூடிய வாய்ப்பை வீணடித்தார் என்பது அவர்கள் வாதம். பின்னாளில் அதே முடிவு தொலைநோக்கு எனப் போற்றப்பட்டது. முடிவு ஒன்றுதான், தீர்ப்பு மட்டும் பலனைப் பார்த்துப் பார்த்து நிறம் மாறியது. குவாட்டர்பேக் இடத்தின் பெறுமதியையும் வென்ட்ஸின் காயங்களையும் அறிந்த ஒருவர் இரண்டாம் சுற்றுத் தேர்வு ஒன்றைக் காப்பீடாகச் செலவிடுவது, ஹர்ட்ஸ் சோபித்திருந்தாலும் சோபிக்காவிட்டாலும், அறிவுக்கு ஒத்த செயலே. ரேகர் தேர்வுக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. ஆனால் அதுவும் ஜெஃபர்சன் பின்னாளில் என்ன ஆனார் என்பதைக் கொண்டன்று, தேர்வு நாளில் ஜெஃபர்சனைப் பற்றி அணி என்ன அறிந்திருந்தது என்பதைக் கொண்டே மதிப்பிடப்பட வேண்டும்.

அன்று கையிலிருந்த சான்றுகளில் மிகக் கனமானது 2016 வசந்தம். தவறான ஒப்பந்தங்களைப் பார்த்துக் கூசி நிற்காமல், அவற்றை மூன்று மாதங்களுக்குள் கழித்துக்கட்டி, கழிவிலிருந்தே அடுத்த குவாட்டர்பேக்கைப் பெற்றவர் அவர். அந்த ஒப்பந்தங்கள் பிறர் செய்தவை என்பதால், தன் சொந்தப் பிழையையும் அதே கையால் வெட்டுவாரா என்பது மட்டுமே விடையில்லாத கேள்வி. பொருளியலார் மூழ்கிய செலவு என்று கூறும் கண்ணியில் பெரும்பாலோர் சிக்குவது இங்கேதான்: கொட்டிய பணம் திரும்பாது என்று தெரிந்தும், அதைக் கொட்டியது தாம்தான் என்பதால், இன்னும் ஓராண்டு பார்ப்போம் என்று பொறுத்திருப்பார்கள். டிராஃப்ட்டில் எல்லோரும் ஏறத்தாழ ஒரே அளவு பிழை செய்வார்கள் என்றால், மேலாளரையும் மேலாளரையும் வேறுபடுத்துவது பிழைகளின் எண்ணிக்கையன்று. பிழை என்று தெரிந்த நாளுக்கும் அதைக் கைவிடும் நாளுக்கும் இடையே உள்ள தூரமே.

அந்தக் கேள்விக்கு விடை ஐந்து வாரங்களில் வந்தது. பிப்ரவரி 18 அன்று வென்ட்ஸை கோல்ட்ஸ் அணிக்கு அனுப்ப ரோஸ்மன் உடன்பட்டார். அதற்காக ஈகிள்ஸ் கணக்கில் விழுந்த டெட் மணி சுமார் 3.38 கோடி டாலர்; ஒரு தனி ஆட்டக்காரருக்காக அதுவரை எந்த அணியும் ஏற்காத தொகை. பெருந்தொற்றால் உச்சவரம்பு 18.25 கோடியாகச் சுருங்கிய ஆண்டில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பணம் அணியில் இல்லாத ஒருவர் பெயரில் போயிற்று. பதிலுக்குக் கிடைத்தவை 2021இன் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வும், 2022இன் ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வும். வென்ட்ஸ் குறிப்பிட்ட அளவு ஆட்ட நேரம் களத்தில் இருந்தால் இரண்டாவது முதல் சுற்றாக உயரும் என்பது நிபந்தனை. அன்று இது தோல்வியின் ஒப்புதலாகவே படிக்கப்பட்டது.

பின்னர் நடந்தவற்றை நிதானமாகத் தொடர வேண்டும். மூன்றாம் சுற்றுத் தேர்வான 84ஆம் எண்ணையும் தன்னிடமிருந்த 12ஆம் எண்ணையும் டல்லஸுக்குக் கொடுத்து ரோஸ்மன் 10ஆம் எண்ணுக்கு ஏறி டிவான்டா ஸ்மித்தை எடுத்தார். வென்ட்ஸ் கோல்ட்ஸில் போதிய நேரம் ஆடியதால் மற்றொன்று முதல் சுற்றின் 16ஆம் எண்ணாயிற்று. அதையும் சில தேர்வுகளையும் நியூ ஆர்லியன்ஸுக்குக் கொடுத்து, 18, 101 ஆகிய எண்களையும் 2023இன் ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் இன்னும் சிலவற்றையும் பெற்றார். 18ஐயும் 101ஐயும் 2022 ஏப்ரல் 28 அன்று டென்னசிக்குக் கொடுத்து ஏ.ஜே. பிரவுனை வாங்கி, அவருக்கு நான்கு ஆண்டுகளுக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தம் தந்தார். ஹர்ட்ஸின் அறிமுக ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்தே சுமார் 60 லட்சம் டாலர்தான் என்பதால் அத்தொகைக்கு இடம் இருந்தது. நியூ ஆர்லியன்ஸ் 2022இல் சரிந்ததால் அந்த 2023 தேர்வு 10ஆம் எண்ணாக வந்தது. அதிலிருந்து ஓர் எண் ஏறி ஜேலன் கார்ட்டரை எடுத்தார். கைவிடப்பட்ட ஒரே ஒப்பந்தத்திலிருந்து கிளைத்த இந்த மூவரும், 2025 பிப்ரவரி 9 அன்று கான்சாஸ் சிட்டியை 40-22 என வீழ்த்தி ஈகிள்ஸ் இரண்டாம் முறை சூப்பர் பவுல் வென்ற அணியின் தூண்கள். அந்த ஆட்டத்தின் சிறந்த வீரர் ஹர்ட்ஸ். பயிற்சியாளர், பெடர்சனுக்குப் பின் வந்த நிக் சிரியானி.

இதை முழுவதும் தீர்க்கதரிசனம் என்று கொண்டாடுவது, முன்பு முழுவதும் பிழை என்று தூற்றியதற்கு நிகரான தவறு. வென்ட்ஸ் 2021இல் போதிய நேரம் ஆடியதும், நியூ ஆர்லியன்ஸ் சரிந்ததும் ரோஸ்மனின் கையில் இல்லாதவை. அவர் செய்தது, அதிர்ஷ்டம் வந்தால் நுழைவதற்குக் கதவுகளைக் கூடுதலாகத் திறந்து வைத்தது மட்டுமே. அதைச் செய்பவரும் செய்யாதவரும் ஒரே விதமாக மதிக்கப்படக் கூடாது. பிரவுனை விற்ற டென்னசியின் மேலாளர் ஜான் ராபின்சனின் கதி இதற்கு மறுபுறம்: 2022 டிசம்பர் 4 அன்று பிரவுன் தன் பழைய அணிக்கு எதிராக இரண்டு முறை பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்து (டச்டவுன்) ஈகிள்ஸ் 35-10 என வென்றது, இரண்டே நாளில் ராபின்சன் நீக்கப்பட்டார். அணி அப்போது 7 வெற்றி, 5 தோல்வி என்று நல்ல நிலையில்தான் இருந்தது; பயிற்சியாளர் வ்ரேபிள் நீடித்தார். வெற்றிக் கணக்கு நன்றாக இருக்கும்போதே ஒரு மேலாளரின் கணக்கு தனியாகப் படிக்கப்பட்ட அரிய நிகழ்வு அது.

பயிற்சியாளரை மாற்றினால் அணி தேறும் என்ற நம்பிக்கையைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளைக் குறித்து 2013இல் வெளியான ஆய்வு ஒன்று, மிக மோசமாக ஆடிய அணிகள் பயிற்சியாளரை மாற்றியதால் பெரிய பயன் காணவில்லை என்றும், நடுத்தர அணிகள் மாற்றியபின் கீழே இறங்கின என்றும் கண்டது. இதன்படி பார்த்தால், ஒரு பயிற்சியாளரைக் கொடுத்து இன்னோர் ஆண்டு அவகாசம் வாங்கும் மேலாளர், உரிமையாளருக்கு உண்மையான மாற்று எதையும் தரவில்லை.

நியூயார்க் ஜெட்ஸின் ஜோ டக்ளஸ் கதையில் அவகாசம் சில வாரங்களே நீடித்தது. ரோஸ்மனிடம் பணியாற்றி 2019 ஜூனில் மேலாளராகச் சென்றவர் அவர். முதல் பயிற்சியாளர் ஆடம் கேஸ் அவருக்கு முன்பே நியமிக்கப்பட்டவர், ஆகவே அந்தத் தோல்வியில் அவர் பங்கு குறைவு. இரண்டாம் பயிற்சியாளர் ராபர்ட் சாலே அவர் காலத்தில் வந்தவர். 2022 டிராஃப்ட்டில் அவர் எடுத்த சாஸ் கார்ட்னர், காரெட் வில்சன் இருவரும் அந்த ஆண்டின் சிறந்த தற்காப்பு, தாக்குதல் புதுமுகங்களாயினர். ஆயினும் 2021இல் 2ஆம் எண்ணில் எடுத்த குவாட்டர்பேக் சாக் வில்சன் தேறவில்லை. அவருக்குப் பதிலாக 2023இல் வந்த குவாட்டர்பேக் ஆரன் ராஜர்ஸ் முதல் ஆட்டத்தின் நான்காம் நகர்விலேயே குதிகால் தசைநாண் அறுந்து வீழ்ந்தார். 2024 அக்டோபர் 8 அன்று சாலேவும் நவம்பர் 19 அன்று டக்ளஸும் நீக்கப்பட்டனர். 30 வெற்றி, 64 தோல்வி என்பது அவர் காலத்துக் கணக்கு. ராஜர்ஸின் காயத்தை அவர் தலையில் கட்டுவது அநியாயம். சாக் வில்சனை எடுத்து இரண்டு ஆண்டுகள் தக்க மாற்றில்லாமல் காத்திருந்ததை மன்னிப்பதும் அப்படியே.

மேலாளரை மதிப்பிட உரிமையாளர்கள் அரிதாகவே நாடும் சாட்சிகள் இன்னும் ஒரு வகையினர் உண்டு. அவருக்குக் கீழ் வேலைக்கு வர வேண்டிய பயிற்சியாளர்கள். பெடர்சன் 2022இல் ஜாக்சன்வில் அணிக்குச் சென்று, முந்தைய ஆண்டு மூன்றே ஆட்டங்களில் வென்ற அந்த அணியை முதல் ஆண்டிலேயே 9 வெற்றிகளோடு பிளே ஆஃப் சுற்றுக்குக் கொண்டு போனார். 2024இல் அது 4 வெற்றி, 13 தோல்வியாகச் சரிந்ததும் 2025 ஜனவரி 6 அன்று அங்கும் நீக்கப்பட்டார். பொது மேலாளர் டிரென்ட் பால்கே, 2022 டிராஃப்ட்டின் முதல் எண்ணில் ஏடன் ஹட்சின்சனை விட்டு டிராவன் வாக்கரை எடுத்தவர், முதலில் தக்கவைக்கப்பட்டார். ஆனால் அணி நாடிய தாம்பா பே உதவிப் பயிற்சியாளர் லியம் கோயன் தாம் இருக்கும் இடத்திலேயே இருப்பதாகச் சொல்லி விலகினார். ஜனவரி 22 அன்று உரிமையாளர் ஷாத் கான் பால்கேயை விடுவித்தார். ஓரிரு நாள்களில் கோயன் ஜாக்சன்வில்லின் தலைமைப் பயிற்சியாளராக ஒப்பந்தம் செய்துகொண்டார்.